ரயில் கற்றாழை

அந்த நாற்காலி வேண்டாம், சாமி. அதன் பின்னால் ஊசிக்கள்ளி இருக்கிறது. அங்கியில் மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். இந்த முக்காலியில் உட்காருங்கள். காப்பி குடிக்கிறீர்களா? வேண்டாமென்றால் வற்புறுத்த மாட்டேன். வேண்டாதவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. செடி வளர்த்துப் படிந்த வழக்கம் அது.

பெர்னதெத் சொல்லி அனுப்பியதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னீர்கள், அதற்கு நன்றி. "அக்கா தெரிஞ்சு பண்ணுச்சா, தெரியாம பண்ணுச்சான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க, சாமி. தெரியாமதான்னு சொன்னா நான் இன்னைக்கே வீட்டுக்கு வந்துடறேன்." அவள் குரலே கேட்டதுபோல இருந்தது. கேட்டுவிட்டு நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். சின்ன வயசு உங்களுக்கு, இந்தப் பங்குக்கும் புதிசு. கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி பெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பூசைக்குப் போன என் தங்கை திரும்பி வரவில்லை. கன்னியாஸ்திரீகள் மடத்தில் இருக்கிறாள் என்று பெட்டிதான் வந்து சொன்னாள். படியேறாமல், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னாள். மடத்தார் அவளைக் கண் டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். வலது கண் போனது போனதுதான், இடது கண்ணில் இன்னும் பார்வை இருக்கிறது, இனிமேல் எந்தச் சாறும் படாமல் இருந்தால் அது தேறும், பட்டால் அதுவும் போய்விடும் என்று அவர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆகவே எல்லாம் என் ஒரு வார்த்தையில் இருக்கிறது. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொன்னால் அவள் விளக்கு வைப்பதற்குள் இந்த வாசலில் நிற்பாள். எனக்கு வேண்டியதும் அதுதான். அவள் வர வேண்டும்.

இதைக் கோவிலுக்கு வந்து பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லலாமே என்றீர்கள். அங்கே சொன்னால் மனஸ்தாபப்பட வேண்டும். வாயால் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு மனசால் படாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. சர்வேசுரனிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இங்கேயே, என் தொட்டிகளுக்கு நடுவில் சொல்கிறேன். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

யுத்தம் முடிகிற சமயத்தில் விஷக்காய்ச்சல் வந்ததே, அதில் எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போனார்கள். எனக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெர்னதெத்துக்குப் பால்பல்கூட விழவில்லை. பேச்சு தானாக நின்றுபோயிற்று. யாரும் நிறுத்தவில்லை, யாரும் தொடரவும் இல்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு துரைசானி வீட்டுக்குத் தையல் வேலைக்குப் போனேன், குழந்தையையும் கூட்டிக்கொண்டு. அந்த அம்மாளுக்குக் கள்ளிப் பைத்தியம். உலகத்தில் எங்கெங்கே மழை பெய்யாதோ அங்கிருந்தெல்லாம் செடி வரவழைத்து வைத்திருந்தாள். சீமைக்குத் திரும்பும்போது மேஜை நாற்காலிகளை ஏலம் போட்டுவிட்டு, தொட்டிகளை மட்டும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி எனக்கு அனுப்பிவைத்தாள். மற்றப் பெண்களுக்கு வண்டியில் சீர்வரிசை வரும். எனக்குக் கள்ளி வந்தது.

பிரேசர் டவுனே சிரித்தது. முள்ளுச் செடி வைத்த வீடு விளங்காது என்று முக்காடு போட்ட பெண்கள் கோவில் வாசலில் என் காதுபடவே பேசினார்கள். "கள்ளிக்கு ஏன் முள்வேலின்னு சொல்லுவாங்க. உங்க வீட்டுக்குப் பூட்டே வேணாம் பிரிஜெட்" என்று பெட்டி கேலி செய்வாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். லால்பாக் பூக் கண்காட்சியில் என் தொட்டிக்குப் பரிசு கிடைத்த பிறகு சிரிப்பு நின்றது. அப்புறம் எல்லோருக்கும் ஒரு துண்டு வேண்டியிருந்தது.

கொடுத்தேன். ஆனால் யார் வீட்டிலும் பிழைக்கவில்லை. கள்ளியோ கற்றாழையோ பட்டினியால் செத்து நான் பார்த்ததில்லை, சாமி. தினம் தண்ணீர் ஊற்றுகிற நல்ல மனசுக்காரர்கள்தான் அவற்றைக் கொல்கிறார்கள். ஆற்று மணல் ஒரு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு, இடித்த பழஞ்சுவரின் காரை கொஞ்சம், மக்கிய இலை ஒரு பிடி. தொட்டியின் அடி ஓட்டைமேல் ஒரு ஓட்டுச் சில்லைக் கவிழ்க்க வேண்டும். வெட்டிய துண்டை உடனே நடக்கூடாது. நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டின பிறகுதான் மண்ணைக் காட்டலாம். மாவுப்பூச்சி வந்தால் புகையிலைத் தண்ணீரைக் கோழி இறகால் தொட்டுத் தடவ வேண்டும். பெங்களூர்த் தூறல் இருக்கிறதே, அது பெய்கிற மாதிரியே இருக்காது, வேரை அழுகவைத்துவிடும். ஆனி பிறந்தால் எல்லாத் தொட்டிகளையும் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுவேன். இவ்வளவுதான் வித்தை. கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரிந்தால் போதும்.

பெர்னதெத்துக்கு இந்தக் கண்டிப்பு பிடிக்காது. "பாவம்க்கா, எத்தினி நாளா தண்ணியே காட்டல" என்று சொம்பைத் தூக்கிக்கொண்டு வருவாள். எனக்குத் தெரியாமல் ஊற்றி ஊற்றி, துரைசானி கொடுத்த வரிக்கள்ளி ஒன்றை அழுகவிட்டாள். அழுகின தண்டை அவள் கையிலேயே கொடுத்து, "பாரு, உன் இரக்கம் பண்ண வேலை" என்றேன். அழுதாள். அன்று முழுக்க நாங்கள் இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. அவளை அழவைத்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இதையும் நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரெமிஜியஸை வீட்டுக்குள் விட்டது நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. அவன் ரயிலில் கார்டு. ஈஸ்ட் ஸ்டேஷனிலிருந்து இந்த வழியாகத்தான் நடந்து போவான். ஒருநாள் வேலி ஓரம் நின்று என் தொட்டிகளைப் பார்த்தான். "குண்டக்கல் பக்கம் பாறை இடுக்குல கள்ளிமுளையான் கருஞ்சிவப்பா பூத்திருக்கு. அடுத்த டியூட்டில கொண்டாரட்டுமா அக்கா?" என்று கேட்டான். கொண்டும் வந்தான், வேரில் மண் கலையாமல், ஈரச் சாக்கில் சுற்றி. அப்படிக் கொண்டுவரத் தெரிந்தவன்மேல் எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்? செடிக்காக வருகிறான் என்றுதான் நினைத்தேன். அவனும் பெர்னதெத்தும் என் தொட்டிகளுக்கு மேலாகவே எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள்.

நான் மறுக்கவில்லை. நல்ல பையன். குடிக்கிற பழக்கம் கிடையாது, பூசை தவறமாட்டான், பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசுவான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமாவது இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஒன்றும் இல்லாமல் போயிற்று. சரி என்றேன். கல்யாண கவுனுக்கு நானே துணி வெட்டினேன். அவனுக்கு ஹூப்ளிக்கு மாற்றல் ஆகியிருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு அவளையும் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.

எனக்குத் தனியாக இருக்கப் பயம், சாமி. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, மற்றது எதையும் சொல்ல வெட்கமில்லை. அவள் இல்லாத வீட்டில் சட்டியில் அரிசி களைந்து போட்டு யாருக்கு என்று வடிப்பது? வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று ஊர் சொல்லும்படி அவள் ஒன்றும் செய்யவில்லை. சந்தோஷமாக இருந்தாள், அவ்வளவுதான். தைக்கிறபோது பாடினாள். என் முன்னால் பாடாமல் இருந்திருக்கலாம்.

தை மாசக் கடைசியில் கோவிலில் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். அந்த வாரமே அவளுக்குக் கண்வலி. அப்போது ஊர் முழுக்க மெட்ராஸ் ஐ, பாதிப் பேர் சிவந்த கண்ணோடுதான் பூசைக்கு வந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கற்றாழைச் சோற்றை ஏழு தண்ணீர் கழுவி, துளி படிகாரம் சேர்த்து, துணியில் முடிந்து மூடின கண்மேல் வைத்தால் தணிந்துவிடும். நம் ஜனங்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். என் வீட்டிலேயே கற்றாழை இருந்தது, துரைசானி கொடுத்தது. ஆனால் அப்போது அது பூக்காம்பு விட்டுக்கொண்டிருந்தது, கண்காட்சிக்குப் போக வேண்டியது. ஒரு மடலை வெட்டினாலும் உருவம் கெட்டுவிடும். அதனால் பால் கொண்டுவருகிற நஞ்சம்மாவிடம் சொன்னேன். தொம்மலூர்க் கன்னடக்காரி, நாலு வருஷமாக எங்களுக்கு ஊற்றுகிறவள்.

"நஞ்சம்மா, நாளைக்கு வர்றப்போ ஒரு கத்தாழை மடல் கொண்டா. பாப்பா கண்ணுக்கு வைக்கணும்."

"கத்தாளேனா? ஆய்த்தம்மா, தர்த்தீனி" என்றாள். சரி அம்மா, கொண்டுவருகிறேன் என்று.

மறுநாள் கொண்டுவந்தாள். கை நீளத்துக்கு ஒரு மடல். ஓரமெல்லாம் கொக்கி முள், நுனியில் கறுப்பாக ஓர் ஊசி.

நீங்கள் கும்பகோணத்துப் பக்கம், உங்களுக்குக் கன்னடம் தெரியாது. நாம் கற்றாழை என்கிறோமே, கண்ணுக்கு வைக்கிற குளிர்ச்சி, அதை அவர்கள் லோளெசரா என்பார்கள். அவர்கள் பாஷையில் கத்தாளே என்றால் வேறு. ரயில் பாதை ஓரத்தில் வேலியாக நட்டிருக்கிறார்களே, கயிறு திரிக்கிற நார்ச்செடி, அது. நம் ஜனங்கள் அதை ரயில் கற்றாழை என்பார்கள். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும், உள்ளே வேறு. அதன் சாறு கையில் பட்டாலே அரித்துத் தடித்துவிடும், நார் உரிக்கிற கூலிக்காரர்கள் கையைப் பார்த்தால் தெரியும். கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம். இரண்டு பாஷையும் புழங்குகிற ஊரில் ஒரு சொல் இரண்டு செடிக்கு நின்றால் இப்படி ஆகத்தான் ஆகும். பெங்களூர்த் தமிழர்கள் எல்லோரும் இந்தச் சொல்லில் ஒரு தடவையாவது இடறியிருப்பார்கள்.

நான் இடறவில்லை. நான் இங்கேயே பிறந்தவள். கன்னடத்தில் சண்டை போடவும் தெரியும், ஜெபம் சொல்லவும் தெரியும். நஞ்சம்மா "கத்தாளேனா" என்று கேட்டபோதே அவள் எதைக் கொண்டுவரப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இல்லை அம்மா, லோளெசரா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று முழுக்க அதைப் பற்றி யோசித்தேன், கோபமாக அல்ல, கணக்குப் பார்க்கிறதுபோல. விபூதிப் புதனுக்கு முன்னால் கல்யாணம் நடந்தாக வேண்டும். தபசு நாட்கள் பிறந்துவிட்டால் கோவிலில் கல்யாணம் கிடையாது, பாஸ்குத் திருநாள் முடிகிறவரை காத்திருக்க வேண்டும். கண் இன்னும் பத்து நாள் வீங்கியிருந்தால் போதும். வீங்கின கண்ணோடு யாரும் மணப்பெண்ணைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தமாட்டார்கள். ஒரு தபசு காலம் அவள் என்னோடு இருப்பாள். நான் கேட்டது அவ்வளவுதான். ஒரு தபசு காலம் பெரிய ஆசையா?

மடலை இடித்துத் துணியில் முடிந்து வைத்தேன். ஏழு தண்ணீர் கழுவவில்லை. "கண்ணைத் தொறந்து மூடு, உள்ளே படட்டும்" என்றேன். அவள் அப்படியே செய்தாள். நான் சொன்னால் செய்வாள், சின்ன வயசிலிருந்து அப்படி.

"எரியுதுக்கா. அக்கா, எரியுது."

"மருந்துன்னா எரியத்தான் செய்யும். ஆட்டாதே."

அலறினாள். பெட்டி ஓடிவந்தாள். நான் உடனே தண்ணீர் விட்டுக் கழுவினேன், பெட்டி வந்து பார்க்கும்போது கழுவிக்கொண்டுதான் இருந்தேன். என் கையும் தடித்துவிட்டது. தரையில் கிடந்த சக்கையைப் பார்த்து, "ஐயோ, இது ரயில் கத்தாழை இல்ல? யாரு குடுத்தது?" என்று அவளே கேட்டாள். நஞ்சம்மா என்றேன். அது பொய் இல்லை.

மறுநாள் பெட்டி தெருவில் நின்று நஞ்சம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் பால்குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். "நீவே கேளித்ரல்லம்மா, கத்தாளே அந்த. நீவே கேளித்ரி." நீங்கள்தானே கேட்டீர்கள் என்று. அவள் சொன்னது உண்மை. நான் இல்லை என்று மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அதற்குள் தெருவில் ஐந்தாறு பேர் கூடி, பாஷை தெரியாத முண்டம், குழந்தை கண்ணைக் கெடுத்துவிட்டாள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதற்கப்புறம் இந்தத் தெருவில் யாரும் அவளிடம் பால் வாங்கவில்லை. எனக்கும் அதுமாதிரி கெட்டிப் பால் பிறகு கிடைக்கவில்லை.

அந்தத் தபசு நாட்களைப் போல ஒரு காலம் எனக்கு வாய்த்ததில்லை, சாமி. கண்ணில் கட்டோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் தைத்துக்கொண்டே சிலுவைப் பாதை வாசிப்பேன். பிசைந்து ஊட்டுவேன். கண்ணுக்குப் பாதுகாவலான லூசியம்மாளுக்கு நவநாள் வைத்தோம், இருவரும் முழங்காலில் நின்று. அவள் கண் குணமாக வேண்டும் என்று நானும் மனசாரத்தான் வேண்டிக்கொண்டேன். தொட்டிகளைத் தடவி எது எந்தச் செடி என்று சொல்லப் பழகினாள். முதல் தடவையாக என் செடிகள்மேல் அவளுக்குப் பொறுமை வந்தது. ஒரு சொட்டுக்கூட அதிகம் ஊற்றவில்லை.

பாஸ்குவுக்குள் கண் தெளிந்துவிட்டது. கட்டு அவிழ்த்த அன்று ரெமிஜியஸ் வந்திருந்தான். அவள் முதலில் பார்த்தது அவன் முகத்தை. நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"அக்கா, வெளிச்சம் பட்டா கொஞ்சம் கூசுது" என்று அவள்தான் இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். நானாக ஆரம்பிக்கவில்லை. கூசினால் கற்றாழை வைப்பதுதான் வழக்கம். இந்தத் தடவை பால்காரி இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் நானே போனேன். மடலை வெட்டும்போது பெட்டி கண்ணில் பட்டுவிட்டேன். எதற்கு என்று கேட்டாள். வேலிக்கு என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது, அப்போது.

முதல் தடவை போல அள்ளி வைக்கவில்லை. இந்த விஷயத்தில் நான் கவனமாகவே இருந்தேன். நல்ல கற்றாழைச் சோற்றில் கொஞ்சமாக அந்தச் சாற்றைக் கலப்பேன். நடுநடுவே நிறுத்திவிடுவேன், கண் கொஞ்சம் தெளியும், அவளும் தெம்பாக இருப்பாள். கல்யாணத் தேதி பேச ஆரம்பித்தால் மறுபடி வைப்பேன். மெட்ராஸ் ஐ உள்ளே இறங்கிவிட்டது, அடிக்கடி திரும்பும் என்று ஊரே சொல்லியது. மழைக்காலத்தில் வலது கண்ணில் வெள்ளையாகப் படர்ந்தது. அது நான் நினைத்துச் செய்ததில்லை. ஈரக்காலத்தில் எதுவும் நாம் நினைக்கிறபடி நிற்காது. அந்தக் கண்ணைப் பார்த்து நான் அழுதேன். நிஜமாகவே அழுதேன், சாமி, அவள்தான் என் கண்ணீரைத் துடைத்தாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஆகமன காலத்திலும் கோவிலில் கல்யாணம் கிடையாது. கார்த்திகையில், அது பிறப்பதற்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று ரெமிஜியஸ் ஹூப்ளியிலிருந்து வந்து நின்றான். பெர்னதெத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நிறுத்தி, வலது கண் போய்விட்டது, இடதும் மங்கல்தான், குடும்பம் நடத்த முடியாது என்று சொன்னேன். போய்விடுவான் என்று நினைத்தேன்.

"கண்ணே தெரியலன்னாலும் பரவால்லக்கா. நான் கட்டிக்கிறேன். சோறாக்க எனக்குத் தெரியும்" என்றான்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவும் செய்த பிறகு அவன் அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? அவளுக்கே இஷ்டமில்லை, உன் முகத்தில் விழிக்கச் சங்கடப்படுகிறாள் என்றேன். கையில் இருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். பிறகு போனான். அவள் எழுந்ததும், ரெமிஜியஸிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்று சொன்னேன். பெர்னதெத் அதற்கப்புறம் அவன் பேரை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லையாம், பெட்டி சொன்னாள். உங்களிடமும் சொல்லியிருப்பாள்.

அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே ஒருநாள், நான் நறுக்கிப் போட்டிருந்த மடலைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அக்கா, இதுல கொழகொழப்பே இல்லியே. நாராட்டம் இருக்கு" என்றாள். வெயில் காலத்து மடல் அப்படித்தான் இருக்கும் என்றேன். சரிக்கா என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் மருந்து வைக்கும்போது என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள், இறுக்கி. குழந்தையாக இருந்தபோதும் அப்படித்தான் பிடித்துக்கொள்வாள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள். போவதற்கு முன்னால் பதிலை வாங்கிக்கொண்டு போங்கள், அவள் காத்திருப்பாள்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்வது எனக்குச் சுலபம். ஊர் ஏற்கெனவே அப்படித்தான் நம்புகிறது. பெர்னதெத்தும் அப்படி நம்பத்தான் ஆசைப்படுகிறாள், இல்லையென்றால் கேட்டு அனுப்பியிருக்க மாட்டாள். நீங்கள்கூட அந்தப் பதிலை எதிர்பார்த்துத்தான் வந்தீர்கள். இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், பாவம், அதற்கு ஓர் இடம் விட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

ஆனால் கற்றாழைக்கும் ரயில் கற்றாழைக்கும் பேதம் தெரியாதவள் பிரிஜெட் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. லால்பாக்கில் வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்த செடிகள் இவை. பால்காரி எதைக் கொண்டுவந்தாலும் வாங்கி, என்ன ஏது என்று பார்க்காமல் அப்புகிற கையிலா என் தங்கை வளர்ந்தாள்? அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுத்த கை இது. சூடு பார்க்காமல் ஒருநாள் கொடுத்ததில்லை. அவள் அப்படி நினைத்துக்கொண்டு திரும்பி வந்தால், அந்த நினைப்போடு இந்த வீட்டில் என்னை எப்படி மதிப்பாள்?

தெரிந்துதான் செய்தேன் என்று சொல்லுங்கள். முதல் தடவையும் தெரிந்துதான், போன வாரமும் தெரிந்துதான். எவ்வளவு வைப்பது, எப்போது நிறுத்துவது என்று ஒவ்வொன்றும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். தெரியாதவள் கையில் இருந்திருந்தால் இரண்டு கண்ணும் எப்போதோ போயிருக்கும். இதை அவளுக்கு விளக்கமாகச் சொல்லுங்கள். கேட்டதும் பயம் தெளிந்துவிடும், வந்துவிடுவாள். அங்கே மடத்தில் ஆளுக்கு ஆள் வந்து தொட்டுக்கொண்டிருப்பார்கள், அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

இடது கண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், சாமி. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.